ஆழமே அரண் என்னும் மயக்கம்

சாலை விரிவாக்கப் பணிகளில் கட்டப்படும் பாலங்களும், அவற்றின் இரு முனைகளிலும் மண்ணைச் சரியவிடாமல் பிடித்து நிற்கும் தாங்குசுவர்களும் உறுதியாக இருக்க வேண்டுமானால் அவற்றின் அடியில் ஆழமான பைல்களை இறக்கிவிட வேண்டும் என்பதும், பைல் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்குப் பாதுகாப்புக் கூடும் என்பதும் இன்று பொறியியல் அலுவலகங்களிலும் நாளிதழ்ப் பத்திகளிலும் கேள்விக்கு இடமின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்துகளாக உள்ளன. பைல் என்பது தரையில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதனுள் கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பி உருவாக்கப்படும் நிலத்தடித் தூண். அத்தகைய தூண்கள் சிலவற்றின் தலைகளைப் பைல் கேப் எனப்படும் தடித்த கான்கிரீட் மேடையால் இணைத்து, அந்த மேடையின் மேல் பாலத்தின் தூணை எழுப்புவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், யாரும் திரும்பத் தோண்டிப் பார்க்க முடியாத ஆழத்தில் நிற்கும் ஓர் உறுப்பின் மீது நம்பிக்கை எளிதில் வளர்ந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை பிழையானது. மண்ணை அறியும் வேலையையும் துளையைச் செம்மையாக முடிக்கும் வேலையையும் அது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதை டெல்லியின் துவாரகாவை முன்வைத்தே காட்ட முடியும்.

துவாரகா துணைநகரைத் தொட்டுச் செல்லும் துவாரகா விரைவுச்சாலை, மஹிபால்பூர் அருகே தேசிய நெடுஞ்சாலை 48-இல் உள்ள சிவமூர்த்தியில் தொடங்கி ஹரியானாவின் கேர்க்கி தௌலா சுங்கச்சாவடி வரை சுமார் 29 கிலோமீட்டர் நீள்கிறது. அதில் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஹரியானாவிலும் 10 கிலோமீட்டர் டெல்லியிலும் உள்ளன; ஹரியானாப் பகுதி 2024 மார்ச் 11 அன்றும், டெல்லிப் பகுதி 2025 ஆகஸ்ட் 17 அன்றும் திறந்துவைக்கப்பட்டன. எட்டு வழித்தடங்களை ஒற்றைத் தூண் வரிசையின் மேல் 34 மீட்டர் அகலத்தில் ஏந்தி நிற்கும் மேம்பாலம் இச்சாலையின் தனிச்சிறப்பு எனக் கூறப்படுகிறது. கட்டுமானம் நடந்த காலத்தில் அரசுத் தரப்பு முன்வைத்த பெருமிதக் கணக்கு, இரண்டு லட்சம் டன் எஃகு, அதாவது ஐஃபெல் கோபுரத்தில் உள்ளதைப் போல 30 மடங்கு என்பதும், 20 லட்சம் கன மீட்டர் கான்கிரீட், அதாவது புர்ஜ் கலீஃபாவில் உள்ளதைப் போல 6 மடங்கு என்பதுமாகும். 2023 ஆகஸ்டில் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய் என்ற திட்ட ஒப்புதலுக்கு எதிராக 250.77 கோடி ரூபாய் ஆவதைச் சுட்டிக்காட்டியபோது, 18.20 கோடி என்பது நாடு தழுவிய திட்டத்தின் சராசரியே என்றும், மேம்பாலமும் சுரங்கமும் கொண்ட சாலைக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாகாது என்றும் அமைச்சகத் தரப்பு பதில் கூறியது. இரு தரப்பின் வாதங்களிலும் இடம்பெற்றவை அளவுகள் மட்டுமே: எத்தனை டன், எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர். அந்தத் தூண்கள் எத்தகைய மண்ணில் நிற்கின்றன என்ற கேள்வி பொதுவெளிக்கு வரவே இல்லை. கேட்டிருக்க வேண்டிய முதற்கேள்வி அதுதான்.

துவாரகாவின் மண் ஒரே சீரானதன்று. ஆரவல்லி மலைத்தொடரின் வடமுனையான டெல்லி ரிட்ஜ் மஹிபால்பூர்ப் பக்கத்தில் குவார்ட்சைட் என்னும் கடும்பாறையாகத் தரைமட்டத்துக்கு அருகிலேயே கிடக்கிறது. அங்கிருந்து நஜஃப்கர் தாழ்நிலத்தை நோக்கி மேற்கே போகப் போக அந்தப் பாறை ஆழத்தில் மறைந்து, அதன் மேல் காற்றும் நீரும் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் தடிமன் நூறு மீட்டரையும் தாண்டிவிடுகிறது. மணல் கலந்த வண்டல், களி கலந்த வண்டல், இடையிடையே கங்கர் எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகள் என அடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பைல் என்றாலே பாறையில் ஊன்றி நிற்கும் கால் என்று பலர் மனத்தில் கொண்டுள்ள சித்திரம் இந்தச் சாலையின் மிகப் பெரும் பகுதிக்குப் பொருந்தாது. பாறை எட்டாத இடத்தில் பைலைத் தாங்குவது அதன் பக்கங்களில் மண் தரும் உராய்வு. அடிமுனை தரும் தாங்கல் அதற்கு அடுத்தபடியானதே.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் செயற்படுவதில்லை என்பது, ஆழமே அரண் என்னும் ஆழவாதத்தின் அடிப்படையையே அசைக்கும் உண்மை. பைல் சில மில்லிமீட்டர் அமிழ்ந்ததுமே பக்க உராய்வு ஏறத்தாழ முழுமையாக எழுந்துவிடும். அடிமுனைத் தாங்கல் முழுமை பெறுவதற்கோ பைலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அமிழ்வு வேண்டும். 1.2 மீட்டர் விட்டமுள்ள பைலுக்கு அது 120 மில்லிமீட்டர். ஒரு தூண் மட்டும் அவ்வளவு அமிழ்ந்தால் அதன் மேலுள்ள பாலத்தளம் அதற்கு வெகுமுன்பே பயன்பாட்டுக்கு உதவாததாகியிருக்கும். எனவே அன்றாடச் சுமையைத் தாங்குவது பக்க உராய்வே. ஆழத்தைக் கூட்டினால் உராயும் பரப்பும் கூடும் என்பது உண்மை, 1.2 மீட்டர் விட்டமுள்ள பைலில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 3.77 சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கிறது. ஆயினும் அந்தப் பரப்பு எந்தத் தரத்தில் கிடைக்கிறது என்பதைத் துளையிடும் முறைதான் முடிவு செய்கிறது.

துளையின் பக்கங்கள் சரியாமலிருக்க அதில் பென்டோனைட் என்னும் களிக்குழம்பு நிரப்பப்படுகிறது. இக்குழம்பு துளையின் சுவரில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துதான் அதைக் காக்கிறது. துளை எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் படலம் தடித்து, கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே வழுக்கும் அடுக்காகிவிடும். சுற்றியுள்ள மண்ணும் இறுக்கம் தளர்ந்து மென்மையாகும். குழம்பில் மிதக்கும் மணல் அடியில் படிந்து மெத்தைபோல் கிடக்கும்; கான்கிரீட் இடுவதற்குச் சற்று முன்பாக அதைக் கழுவி வெளியேற்றாவிட்டால் அடிமுனை நிற்பது நிலத்தின் மேலன்று, சேற்றின் மேல். ஆழம் கூடக் கூடத் துளையிடும் நேரமும், கம்பிக்கூட்டைத் துண்டு துண்டாக இணைத்து இறக்கும் நேரமும், சேறு படியும் நேரமும் கூடுகின்றன. பிறகு கான்கிரீட் முறை வருகிறது. ட்ரெமி எனப்படும் நீண்ட குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக நிரப்பும்போது, குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் குழம்பு உள்ளே புகுந்து பைலின் நடுவில் சேற்றுப்பட்டை உண்டாகும். 30 மீட்டர் ஆழமுள்ள 1.2 மீட்டர் பைலுக்கு ஏறத்தாழ 34 கன மீட்டர் கான்கிரீட் தேவை. ஆறு கன மீட்டர் கொள்ளும் கலவை லாரிகள் ஆறு இடைவெளியின்றி வந்து சேர வேண்டும். பகலில் கனரக வண்டிகளுக்கு நுழைவுக் கட்டுப்பாடு உள்ள, குளிர்காலத்தில் காற்று மாசு உச்சத்தைத் தொடும்போது நெடுஞ்சாலைப் பணிகளும் நிறுத்தப்படும் டெல்லியில் இது எளிய காரியமன்று. நான்காவது லாரி நெரிசலில் சிக்கி, குழாய்க்குள் இருக்கும் கான்கிரீட் இறுகத் தொடங்கினால், குறுகிய பைலில் நேராத கேடு நெடிய பைலில் நேர்கிறது. செம்மையாக முடிக்கப்பட்ட 22 மீட்டர் பைல், அலட்சியமாக முடிக்கப்பட்ட 30 மீட்டர் பைலைவிட அதிகச் சுமை தாங்கும் என்பது களத்தில் உழைக்கும் மேற்பார்வையாளர்கள் அறிந்த செய்தியே.

பாலத்தின் மீது வரும் விசைகள் எல்லாம் செங்குத்தானவை அல்ல என்பதையும் ஆழவாதம் மறந்துவிடுகிறது. எட்டு வழித்தடங்களை ஒற்றைத் தூண் ஏந்தும்போது, ஒரு பக்கத்துத் தடங்களில் மட்டும் லாரிகள் நிறைந்தால் தூண் அந்தப் பக்கம் வளைய முனைகிறது. அவ்வளைவு பைல் கேப் வழியாக இறங்கி, ஒரு பக்கத்துப் பைல்களை மிகுதியாக அழுத்தி, எதிர்ப்பக்கத்துப் பைல்களின் சுமையைக் குறைக்கிறது. டெல்லி நிலநடுக்க மண்டலம் நான்கில் வைத்து எண்ணப்பட்டுவரும் நகரம் என்பதால், கிடைமட்ட ஆட்டத்தையும் இப்பைல்கள் ஏற்க வேண்டும். கிடைமட்ட விசைக்குப் பைல் காட்டும் எதிர்ப்பு பெரும்பாலும் அதன் மேற்பகுதியில், விட்டத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1.2 மீட்டர் பைலில் அது மேலுள்ள 12 மீட்டர். அதற்குக் கீழே எத்தனை மீட்டர் சேர்த்தாலும் பக்கவாட்டு எதிர்ப்பு கூடாது; பைல்களுக்கு இடையிலான தொலைவும், மேற்பகுதிக் கம்பிகளின் அளவும், மேல்மண்ணின் இறுக்கமுமே அதைத் தீர்மானிக்கின்றன.

தாங்குசுவர்களுக்கு வரும்போது இந்த மயக்கம் வெறும் வீண்செலவாக நில்லாமல் கேடு விளைவிப்பதாகவே மாறிவிடுகிறது. மேம்பாலத்துக்கு ஏறும் சரிவுச்சாலையின் இருபுறமும் உள்ள சுவர் முதன்மையாக எதிர்கொள்வது பின்னாலுள்ள மண் தரும் பக்கத்தள்ளல். அதைப் பைல் மேல் நிறுத்தினால் சுவர் அமிழாது; அதன் பின்னே கொட்டப்பட்ட மண்ணோ தன் எடையாலும் அடியிலுள்ள நிலத்தின் நெகிழ்வாலும் அமிழ்ந்துகொண்டேயிருக்கும். அமிழாத சுவருக்கும் அமிழும் சாலைக்கும் இடையே வெடிப்புத் தோன்றும். பாலம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வண்டியும் துள்ளி ஏறும். அமிழும் மண் பைல்களைக் கீழ்நோக்கி இழுப்பதோடு, அடிமண் மென்களியாக இருந்தால் அவற்றைப் பக்கவாட்டிலும் தள்ளும். 1960-களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விதால் உருவாக்கிய வலுவூட்டிய மண் சுவர், அதாவது மண்ணுக்குள் பட்டைகளையோ வலைகளையோ அடுக்கடுக்காக விரித்து முகப்பில் கான்கிரீட் பலகைகளை மாட்டும் முறை, இதற்கு நேர்மாறான சிந்தனையிலிருந்து பிறந்தது. அது நிலத்தோடு சேர்ந்து சற்று அமிழும். பலகைகளுக்கு இடையேயுள்ள இணைப்புகள், நூறு அலகு நீளத்துக்கு ஓர் அலகு என்ற அளவு வரையிலான சீரற்ற அமிழ்வையும் ஏற்றுக்கொள்ளும். அத்தகைய சுவரின் அடியில் பைலைத் தேடுவது அதன் இயல்பையே மறுப்பதாகும்.

இதற்கு எதிராக உடனே எடுத்துக்காட்டப்படும் சான்று கேரளத்தின் கூரியாடு. 2025 மே 19 அன்று மலப்புரம் மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-இன் உயர்த்திக் கட்டப்பட்ட பகுதி வயல்வெளியில் சரிந்தது. அடிநிலத்தால் மேலிருந்த எடையைத் தாங்க முடியவில்லை என்பதே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கூறிய காரணம். அவ்விடத்தில் தூண்களின் மேல் பாலமாகவே சாலையைக் கொண்டுசெல்வது என்று பின்னர் முடிவானது; அது அந்த இடத்துக்குப் பொருந்திய முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிகழ்விலிருந்து எல்லா இடங்களிலும் பைல் வேண்டும் என்ற பாடத்தைப் பெறுவோர் காரணத்தைத் தவறவிடுகிறார்கள். சரிவுக்குக் காரணம், நெல்வயலின் மென்களி எவ்வளவு எடையை எவ்வளவு காலத்தில் ஏற்கும் என்பதைக் கட்டுமுன் உறுதி செய்யாமையே. அதை முன்பே அளந்திருந்தால், சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பொறுத்திருப்பது, மண்ணிலுள்ள நீரை வெளியேற்றும் செங்குத்து வடிபட்டைகளை இறக்குவது, கல்தூண்களால் நிலத்தை இறுக்குவது, இவை எதுவும் போதாத இடத்தில் பாலம் கட்டுவது என வழிகள் பலவும் திறந்திருந்திருக்கும். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் ஓடுபாதைகள் மிக மென்மையான களியின் மேல் இத்தகைய வடிபட்டைகளையும் முன்சுமையையும் கொண்டே அமைக்கப்பட்டன. மண்ணை அறியாதவர் பைல் இறக்கினாலும் அதே அறியாமையைத்தான் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுசெல்வார்.

துவாரகாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அதன் முன் ஆழவாதம் முற்றிலும் நிராயுதமாகிறது. மும்பை ஐஐடி, ஜெர்மானியப் புவி அறிவியல் ஆய்வு மையம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதலியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் ரேடார் படங்களைக் கொண்டு செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, மிகையான நிலத்தடி நீர் உறிஞ்சலால் டெல்லியின் சில பகுதிகள் அமிழ்ந்து வருவதைக் காட்டியது. டெல்லி விமான நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள கபஷேராவில் 2014 முதல் 2016 வரை ஆண்டுக்கு 11 சென்டிமீட்டராக இருந்த அமிழ்வு, அடுத்த ஈராண்டுகளில் 17 சென்டிமீட்டரை எட்டியது. அண்டையிலுள்ள துவாரகாவிலோ அமிழ்வு படிப்படியாகக் குறைந்து, நீர் எடுப்புக் கட்டுப்பாடும் மழைநீர்ச் சேகரிப்பும் நிலத்தடி நீரை மீட்டதன் பயனாக, நிலம் சற்றே மேலெழவும் தொடங்கியிருந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஓரிடம் இறங்குகிறது, மற்றோரிடம் ஏறுகிறது. விரைவுச்சாலை செல்வது இந்த வட்டாரத்தின் வழியாகத்தான்.

இங்கே பைலின் ஆழம் என்ன செய்யும்? இறுகிச் சுருங்கும் அடுக்கு பைலின் அடிமுனைக்கும் கீழே இருந்தால், பைலும் பாலமும் நிலத்தோடு சேர்ந்தே அமிழும். பத்து மீட்டர் கூடுதலாக இறக்கியதால் எப்பயனும் இல்லை. சுருங்கும் அடுக்கு அடிமுனைக்கு மேலே இருந்தால், தாங்க வேண்டிய மண்ணே பைலைப் பற்றிக் கீழே இழுக்கத் தொடங்கும். எதிர்மறை உராய்வு எனப்படும் இவ்விழுப்பு, மேல் 10 மீட்டரில் சதுர மீட்டருக்கு இரண்டு டன் எனக் கொண்டாலே, 1.2 மீட்டர் பைல் ஒன்றுக்கு ஏறத்தாழ 75 டன் கூடுதல் சுமையாகிறது. நிலத்தடி நீர் மீண்டு உயர்கின்ற துவாரகாவிலோ வேறொரு விளைவு: நீர்மட்டம் உயரும்போது மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறையும், அதனால் பக்க உராய்வும் குறையும், வறண்ட ஆண்டில் செய்த சுமைச் சோதனை நிறைந்த ஆண்டில் செல்லுபடியாகாது. மெக்சிகோ நகரின் சுதந்திர தேவதை நினைவுத்தூண், 1906-இல் கட்டுமானத்தின்போதே சரிந்து, பின்னர் ஆழமான அடித்தளத்தின் மேல் மீண்டும் எழுப்பப்பட்டு 1910-இல் திறக்கப்பட்டது. அது நிலைத்தது, நகரம் அமிழ்ந்தது. தரைக்கும் தூணுக்கும் இடையே விழுந்த இடைவெளியை நிரப்ப 14 படிகளைப் பின்னாளில் சேர்க்க வேண்டியதாயிற்று. நினைவுத்தூணுக்குப் படி கட்டிக்கொள்ளலாம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறும் பாலத்துக்கு அவ்வழி இல்லை.

ஆழம் இன்றியமையாத இடங்களை மறுப்பது நேர்மையாகாது. யமுனையின் வெள்ளச் சமவெளியில் நிலநடுக்கத்தின்போது நீர் நிறைந்த மணல் குழம்பாகிவிடும் அபாயம் உண்டு. அந்த மணலைக் கடந்து உறுதியான அடுக்கை எட்டும் பைலே அங்கே வேண்டும். ஆற்றின் நீரோட்டம் தூணைச் சுற்றி மண்ணை அரித்துக் குழி பறிக்குமிடங்களிலும் அப்படியே. 2024 ஜூலைத் தொடக்கத்தில் பீகாரின் சிவான், சாரன் மாவட்டங்களில் சிறு பாலங்கள் அடுத்தடுத்து விழுந்தபோது, ஆற்றைத் தூர்வாரியதில் காட்டப்பட்ட கவனக்குறைவு காரணமாகச் சொல்லப்பட்டுப் பொறியாளர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எனினும் இவ்விரு வகையிலும் ஆழத்தை நிர்ணயிப்பது அளவீடே: மணல் எத்தனை மீட்டர் வரை குழம்பாகும், வெள்ளம் எத்தனை மீட்டர் வரை அரிக்கும் என்பவை கணக்கிட்ட பின்பே ஆழம் பொருள் பெறுகிறது. மேலும், அடித்தளம் உறுதியாக இருப்பது மேலுள்ளதைக் காப்பதில்லை. 2009 ஜூலை 12 அன்று டெல்லி மெட்ரோவின் ஜம்ரூத்பூர்ப் பாலம் இடிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தபோது முறிந்தது தூணின் தலைப்பகுதி. துவாரகா விரைவுச்சாலையிலும் 2021 மார்ச் இறுதியில் தௌலதாபாத் அருகே கட்டுமானத்திலிருந்த பாலப்பகுதி விழுந்து தொழிலாளர்கள் மூவர் காயமடைந்தனர்.

சோதனை செய்துதானே பைலை ஏற்கிறார்கள் என்பது ஆழவாதிகளின் இறுதி அரண். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2911, நான்காம் பகுதி, வடிவமைப்பை உறுதி செய்யும் தொடக்கச் சோதனையில் பைலின் மேல் அதன் வேலைச்சுமையைப் போல் 2.5 மடங்கும், பணியில் இறக்கப்பட்ட பைல்களில் செய்யும் வழக்கச் சோதனையில் 1.5 மடங்கும் ஏற்றச் சொல்கிறது. வழக்கச் சோதனைக்குக் குறைந்தபட்ச அளவு மொத்தப் பைல்களில் 0.5 சதவீதம். இருநூறு பைல்களில் ஒன்று சோதிக்கப்படுகிறது, மீதி 199 பைல்கள் அதைப் போலவே இருக்கும் என்று கருதப்படுகின்றன. மற்றவற்றின் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, அடியிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கேட்கும் சோதனை உண்டு. அது பைலின் உடலிலுள்ள பெரிய முறிவையோ இடுப்புச் சுருக்கத்தையோ காட்டும், ஆனால் சுமை தாங்கும் திறனைச் சொல்லாது. நீளம் கூடக் கூட அந்த எதிரொலியும் மங்கும். அதாவது ஆழமான பைல், சோதித்து அறிவதற்கு அரிதான பைலாகவும் ஆகிவிடுகிறது. கம்பிக்கூட்டில் குழாய்களைக் கட்டி அவற்றினிடையே ஒலியலையைச் செலுத்தும் முறை கூடுதல் நம்பகமானது. ஆயினும் அதுவும் குழாய்களுக்கு இடைப்பட்ட கான்கிரீட்டைத்தான் படிக்கும், வெளிப்புறத்து மண்ணை அன்று.

பிழையான கருத்து இவ்வளவு காலம் நிலைப்பதற்கு ஒப்பந்த முறையும் காரணம். அளவுப் பட்டியல் வழி நடக்கும் பணிகளில் பைலுக்குக் கூலி மீட்டர் கணக்கில் தரப்படுகிறது. அடிச்சேற்றைக் கழுவி எடுக்கச் செலவிடும் ஒரு மணி நேரத்துக்கும், குழம்பின் அடர்த்தியைச் சோதிக்க நிற்கும் அரைமணிக்கும் தனிக் கூலி இல்லை. மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் எடுக்கும் முறையில் நிலைமை தலைகீழாகிறது: அங்கே முதலில் சுருங்குவது நில ஆய்வு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு மண்ணின் எதிர்ப்பை எண்ணும் எளிய சோதனைகூடத் தூணுக்குத் தூண் செய்யப்படாமல், தொலைவிலுள்ள ஒரு துளையின் அறிக்கை பல தூண்களுக்கும் பொருத்தப்படுகிறது. ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் ஒப்பந்த ஆவணமே. பாலத்தின் ஒவ்வொரு தூணிடத்திலும், தாங்குசுவரின் நீளம் நெடுகக் குறித்த இடைவெளிகளிலும் ஆய்வுத்துளை இட வேண்டும். அந்த அறிக்கையும் சுமைச் சோதனை முடிவுகளும் தூண் எண்ணோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். துளை திறந்து கிடந்த நேரம், அடிச்சேற்றின் தடிமன், ஒவ்வொரு லாரியும் வந்த நேரம் ஆகியவை பதிவாகாத பைலுக்குக் கூலி தரலாகாது. கபஷேராவையும் துவாரகாவையும் போல நிலம் அசையும் வட்டாரங்களில் பாலத்தூண்களின் மட்டத்தைத் திறப்பு விழாவுக்குப் பின்னும் ஆண்டுதோறும் அளந்து, அதே ஆண்டின் நிலத்தடி நீர்மட்டத்தோடு சேர்த்து வெளியிடும் பொறுப்பைச் சாலையைப் பராமரிக்கும் அமைப்பே ஏற்க வேண்டும்.